எண்ணெய் வைடான்னு சொல்ற பெரியவங்களே, ஒரு நிமிஷம் நில்லுங்க!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. எண்ணெய் வியாபாரிங்க, "அந்தக் காலத்துல எங்க ஆயா..." கோஷ்டி இவங்க மனசு புண்பட்டா கம்பெனி பொறுப்பில்ல. திட்டறதுன்னா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க :-)

எங்க பண்ருட்டி பக்கம் 20 வயசுப் பையன் ஒருத்தன் தலை சீவும்போது சீப்புல பத்து முடி வந்துட்டா போதும், ஊரே டாக்டராயிடும்.

"தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்ல, பின்ன எப்பிடி முடி நிக்கும்?" - இது ஆயா. "எல்லாம் இந்த போர் தண்ணியால வர்றதுடா" - இது சித்தப்பா. முடி வெட்டற அண்ணன் அலமாரியிலேர்ந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவாரு. மெடிக்கல்காரரு பயோட்டின் மாத்திரை ஒரு அட்டை கொடுப்பாரு. கூடப் படிச்சவன் "ஹெல்மெட் போடறத நிறுத்துடா மாப்ள"ம்பான். இத்தனை பேருல ஒருத்தராவது அந்தப் பையனோட தலையை வெளிச்சத்துல வச்சு, முடியை விலக்கி, தோலைப் பார்த்திருப்பாங்களான்னு கேட்டா, கிடையாது.

நான் சொல்ல வர்றது இதுதான். எண்ணெய் வழியற தலை, அரிப்பு, செதில் செதிலா பொடுகு, கூடவே முடி கொட்டறது, இப்படி வர்ற பையனுக்கு நாம சொல்ற முதல் வைத்தியமே தப்பு. சும்மா தப்பா இருந்தா விட்டுடலாம். அவனோட ரெண்டு மூணு வருஷத்தை அது தின்னுடுது. மருந்துக்கு முடி கொஞ்சமாவது பதில் சொல்ற காலம் அந்த ஆரம்ப வருஷங்கள்தான். அதைத் தொலைச்சுட்டு, தலை வெளிச்சம் போட்டப்புறம் டாக்டர்கிட்ட ஓடி என்ன பிரயோஜனம்?

முதல்ல ரெண்டையும் பிரிங்க

தலையில எண்ணெய் வழியறதும் வழுக்கை விழறதும் ஒண்ணுன்னு பல பேர் நினைச்சிட்டு இருக்காங்க. "எண்ணெய்ப் பசை முடிக்காலை அடைச்சுடுது, அதான் கொட்டுது"ன்னு விளம்பரத்துல அம்பு போட்டுப் படம் வேற காட்டறான். அப்படி இல்லீங்க.

ஒவ்வொரு முடிக்காலுக்கும் பக்கத்துல ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. பையன் வயசுக்கு வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் ஏறுது. அதுலேர்ந்து 5-ஆல்ஃபா ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன்னு இன்னொண்ணைச் செய்யுது. சுருக்கமா டி.எச்.டி. ஆண் ஹார்மோன் பட்டு எண்ணெய்ச் சுரப்பி வேலையை அதிகமாக்குது. பரம்பரையில வழுக்கை இருந்தா, இதே டி.எச்.டி. முன்நெத்தி, உச்சந்தலை முடிக்காலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சிறுசாக்குது. தடிச்ச முடி மெலிஞ்சு, பூனை முடியாகி, கடைசியில கண்ணுக்கே தெரியாமப் போயிடுது. ஆக எண்ணெயும் வழுக்கையும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. அண்ணன் பண்ண தப்புக்குத் தம்பியைப் புடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வச்சா எப்படி?

இது நேத்து யாரோ கிளப்பின கதையும் இல்ல. 1942-லேயே ஜேம்ஸ் ஹாமில்டன்னு அமெரிக்க உடற்கூறு ஆராய்ச்சியாளர் ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். பருவம் வர்றதுக்கு முன்னாடியே விதை நீக்கப்பட்டவங்களுக்கு வழுக்கை விழல. அவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தப்போ, குடும்பத்துல வழுக்கை இருந்தவங்களுக்கு முடி போக ஆரம்பிச்சுது. அப்புறம் 1974-ல டொமினிக்கன் குடியரசுல ஒரு பகுதி ஆளுங்களைப் பத்தி ஆய்வு வந்துச்சு. பிறவியிலேயே அந்த என்சைம் குறைஞ்ச ஆம்பளைங்க. அவங்களுக்குப் ப்ராஸ்டேட் சின்னதா இருந்துச்சு, முன்நெத்தி முடியும் ஏறல. அந்த என்சைமைத் தடுக்கற ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்கு வழி பிறந்தது இப்படித்தான்.

இதுல தேங்காய் எண்ணெய் வைக்காத பாவம் எங்க வருது?

அப்ப போர் தண்ணி?

சித்தப்பாவுக்கு ஒரு கேள்வி. வீட்டுல அதே போர் தண்ணியிலதானே அத்தையும் குளிக்கிறாங்க? அவங்களுக்கு ஏன் நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிப் போகல? சரி, பையனையே எடுத்துக்குவோம். தண்ணியை நெத்திக்கு மட்டுமா ஊத்தினான்? பின்னந்தலையிலயும் காதோரத்துலயும் முடி ஏன் கெட்டியா நிக்குது? தண்ணிக்கு என்ன, வாஸ்து பார்த்து முன்பக்கமா பார்த்து அடிக்கத் தெரியுமா?

உப்புத் தண்ணி முடியைச் சொரசொரன்னு ஆக்கும், சோப்பு நுரைக்காது, அதெல்லாம் சரி. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டாக்டருங்க 2013-ல ஒரு சின்ன ஆய்வு போட்டாங்க. கடினத் தண்ணியில நனைச்ச முடியையும் வடிநீர்ல நனைச்ச முடியையும் இழுத்துப் பார்த்ததுல, வலுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. சின்ன ஆய்வுதான், அதை வச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனா ஆய்வே வேணாம், கண்ணாடியில பின்னந்தலையைப் பார்த்தாலே விஷயம் விளங்கிடும். அந்தப் பின்னந்தலை முடி டி.எச்.டி.க்கு மசியாதுங்கறதை வச்சுத்தான் முடி நடற ஆபரேஷனே நடக்குது. 1950-கள்ல நார்மன் ஒரென்ட்ரைக்னு நியூயார்க் டாக்டர் பின்னாடி முடியை எடுத்து முன்னாடி நட்டப்போ, அது அங்கயும் பின்னாடி இருந்த குணத்தோடவே நின்னுச்சு.

ஹெல்மெட் கதையும் இதே ரகம்தான். ஹெல்மெட்டால வழுக்கை விழாது. வேர்த்து ஊறி அரிப்பு கூடும், அவ்வளவுதான். உள்ள ஒரு பருத்தித் துணி கட்டிக்கங்க, உள்பஞ்சைத் துவைச்சுக் காயப்போடுங்க. விக்கிரவாண்டி - கும்பகோணம் ரோட்டுல லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல வெறுந்தலையோட பறக்கற பசங்களைக் கேட்டா "முடி கொட்டுதுண்ணே"ங்கறான். அடேய், முடி வேணும்னா அது நிக்க மண்டை வேணும்டா!

எண்ணெய் யாருக்குச் சாப்பாடு?

இப்ப வழுக்கையை விட்டுட்டு அரிக்கற தலைக்கு வருவோம். இதுலதான் நாம பண்ற அநியாயம் அதிகம்.

மஞ்சளா, பிசுபிசுன்னு செதில். சொறிஞ்சா நகத்துல ஒட்டிக்கிட்டு வரும். புருவம், மூக்கு ஓரம், காதுக்குப் பின்னாடி, தாடிக்குள்ள எல்லாம் செவந்து செதில் விடும். இதுக்கு செபோரிக் டெர்மடைட்டிஸ்னு பேரு. லேசா வந்தா அதைத்தான் பொடுகுங்கறோம். நம்ம எல்லார் தோல் மேலயும் குடியிருக்கற மலசேசியாங்கற பூஞ்சைக்கு இதுல பெரிய பங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர் மலசேஸ் 1874-ல விவரிச்சதால அந்தப் பேரு. இந்தப் பூஞ்சையால தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செஞ்சுக்க முடியாது. வெளியிலேர்ந்து வரணும். அதனால எண்ணெய் எங்க ஊறுதோ அங்க போய் உக்காந்துக்கும். எண்ணெயை உடைச்சுத் தின்னுட்டு அது விட்டுட்டுப் போறதுதான் தோலை எரிச்சல் பண்ணுது.

ஆய்வுக்கூடத்துல இந்தப் பூஞ்சையை வளர்க்கணும்னா தட்டுல ஆலிவ் எண்ணெய் ஊத்தறது வழக்கம். நாம என்ன பண்றோம்? சனிக்கிழமையானா பையனை மனையில உக்கார வச்சு அரைக்கிண்ணம் நல்லெண்ணெயை உச்சியில ஊத்தி, "நல்லா ஊறட்டும்டா"ன்னு ஒரு மணி நேரம் விடறோம். யாருக்கு விருந்து வைக்கிறோம்னு புரியுதா?

எண்ணெய் வச்சதும் செதில் படிஞ்சு கண்ணுக்குத் தெரியாது. அரிப்பும் ஒரு நாள் அடங்கின மாதிரி இருக்கும். "பாத்தியா, எண்ணெய் வச்சதும் பொடுகு போயிடுச்சு"ன்னு ஆயா ஜெயிச்சுடுவாங்க. மூணாம் நாள் மறுபடி சொறிவான். நெத்தியில பொரிப் பொரியா பருவும் வரும். அதுக்கு வேற ஒரு க்ரீம் வாங்குவான்.

இந்த அரிப்பால முடி கொட்டாதான்னு கேட்டா, கொட்டும். தோல் வீங்கிக் கிடந்தா, ராத்திரி பகலா சொறிஞ்சா முடி கூடுதலா உதிரும். ஆனா அது வழுக்கை இல்ல. தோல் சரியானா திரும்பி வர்ற முடி. ஒரே பையனுக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லத்தான் தோல் டாக்டர் வேணும். பூஞ்சைப் படையா, சொரியாசிஸா, புழுவெட்டா, சாதாரணப் பொடுகான்னு சித்தப்பாவால சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது.

எண்ணெய்க்கு என்னதான் வேலை?

எண்ணெய்மேல எனக்குப் பகை ஒண்ணும் இல்ல. 2003-ல வந்த ஒரு ஆய்வுல தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள்ள இறங்கி, புரோட்டீன் இழப்பைக் குறைக்குதுன்னு காட்டினாங்க. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்ல. (ஆய்வு பண்ணவங்க தேங்காய் எண்ணெய் விக்கற மாரிக்கோ கம்பெனி ஆளுங்க. அதையும் சொல்லிடணுமில்ல.) ஆக நீள முடி உடையாம, சிக்கு விழாம இருக்க எண்ணெய் உதவும். அத்தைக்கும் தங்கச்சிக்கும் நல்லது. அது தண்டுக்கு நடக்கற பராமரிப்பு. தண்டு செத்த பொருள். வேர்ல ஹார்மோன் பண்ற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

எங்க ஊர்க்காரங்களுக்குச் சொன்னா உடனே புரியும். பலாப்பழம் அரியறதுக்கு முன்னாடி கையிலயும் கத்தியிலயும் எண்ணெய் தடவறோம், பால் ஒட்டாம இருக்க. எண்ணெய் அந்த வேலையை ஒழுங்காச் செய்யும். அதுக்காக எண்ணெய் தடவினதாலதான் சுளை இனிக்குதுன்னு பணிக்கன்குப்பத்துல போய்ச் சொல்லிப் பாருங்க, துரத்தி அடிப்பாங்க.

"இயற்கையானது, பக்க விளைவு இல்ல"ங்கற வசனத்துக்கும் பதில் எங்க ஊர்லயே இருக்கு. முந்திரிக்கொட்டை உடைக்கிற அக்காங்களோட விரலைப் பார்த்திருக்கீங்களா? கொட்டையிலேர்ந்து வர்ற எண்ணெய் பட்டு தோல் வெந்து, கறுத்து உரிஞ்சு கிடக்கும். அதுவும் சுத்தமான இயற்கைதான், ஒரு சொட்டு கெமிக்கல் கலக்கல.

2025 மார்ச்சுல பஞ்சாப் சங்ரூர்ல ஒரு முகாம் போட்டாங்க. தலையில எண்ணெய் தடவி முடி வளர வைக்கிறோம்னு கூட்டம் கூட்டினாங்க. கடைசியில 60 பேருக்கு மேல கண்ணு எரிஞ்சு வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. போலீஸ் கேஸ் ஆச்சு. மொட்டைத்தலையைக் காட்டப் போனவன் கண்ணைப் புடிச்சிட்டுத் திரும்பினான்.

ஆயாவுக்கு முழங்கால் வரைக்கும் முடி இருந்துச்சே!

எதிர்பார்த்ததுதான். "எங்க ஆயாவுக்குச் சாகற வரைக்கும் அவ்ளோ முடி. சீயக்காயும் எண்ணெயும் தவிர ஒண்ணும் தெரியாது"ன்னு பின்னூட்டம் வரும். சரிங்க, ஒத்துக்கறேன். அந்த ஆயா படத்துக்குப் பக்கத்துலயே தாத்தா படம் மாட்டியிருப்பீங்களே, அதைக் கொஞ்சம் பாருங்க. அதே வீடு, அதே செக்கு எண்ணெய், அதே கிணத்துத் தண்ணி, அதே ஆயா கையால சனிக்கிழமை சனிக்கிழமை தேச்சுக் குளிச்ச தாத்தா. தலையில என்ன இருக்கு? விபூதிதானே இருக்கு?

அடுத்த வாதம், "என் ஃப்ரெண்டுக்கு அந்த எண்ணெய் வேலை செஞ்சுதே." செஞ்சிருக்கும். எப்படின்னு சொல்றேன். டெங்கு, டைபாய்டு, கொரோனா மாதிரி பெரிய காய்ச்சல் வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தா கொட்டும். ஆபரேஷன் ஆனாலும், பட்டினி கிடந்து வேகமா எடை குறைச்சாலும் இதே கதைதான். வளர்ற முடியெல்லாம் ஒரே சமயத்துல ஓய்வுக்குப் போயிடறதால வர்றது. பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா அடங்கி, திரும்பி வளரும். கொட்டற உச்சத்துல பயந்து போய் ஒரு பாட்டில் வாங்கறான். ரெண்டு மாசத்துல நிக்குது. அது எப்படியும் நின்னிருக்கும். பேரு மட்டும் பாட்டிலுக்குப் போகுது. அடுத்த வீடியோவுல அந்தப் பையன்தான் சாட்சி.

சின்ன வெங்காயமும் இப்படித்தான். 2002-ல பாக்தாத்ல வெங்காயச் சாறு வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க, பலன் இருந்துச்சு. ஆனா அது புழுவெட்டுக்கு. புழுவெட்டுல புழுவும் இல்ல, வெட்டும் இல்ல. உடம்போட எதிர்ப்புச் சக்தியே முடிக்காலைத் தாக்கறது. வட்ட வட்டமா கொட்டும், பல பேருக்குத் தானாவும் வளரும். பரம்பரை வழுக்கைக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. இதைப் பிரிச்சுச் சொல்லாம "வெங்காயம் தேய்ங்க, முடி கொட்டும் பிரச்சினைக்கு குட்பை"ன்னு பதிவு போடறது நியாயமா?

ஒரு குட்டி நட்சத்திரம்

இப்ப கம்பெனிக்காரன்கிட்ட வருவோம். நம்ம நாட்டுல 1945-ம் வருஷத்து மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகள்ல அட்டவணை 'ஜே'ன்னு ஒண்ணு இருக்கு. இந்த நோயையெல்லாம் தடுப்பேன், குணமாக்குவேன்னு எந்த மருந்தும் சொல்லிக்கக் கூடாதுன்னு ஒரு பட்டியல். அதுல புத்துநோய், சர்க்கரை எல்லாம் இருக்கறது தெரிஞ்ச கதை. வழுக்கையும் இருக்குங்க! புது முடி வளர வைக்கிறதும் இருக்கு, இளநரையும் இருக்கு.

அப்புறம் எப்படி டிவியில வருதுன்னு கேக்கறீங்களா? மருந்துன்னு சொன்னாத்தானே அந்த விதி. அழகுசாதனம்னு சொல்லிட்டாப் போச்சு. "முடி உதிர்வை 90 சதம் குறைக்கும்"னு பெருசா போட்டு ஒரு குட்டி நட்சத்திரம் வைப்பான். நட்சத்திரத்தைத் தேடிப் போனா, கீழ எறும்பு எழுத்துல "முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு"ன்னு இருக்கும். அதாவது சிக்கெடுக்கும்போது பாதியில அறுந்து வர்ற முடி. அதுக்கும் இவன் தலையில வேரோட போற முடிக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்ல. ஆனா காசு குடுக்கறவன் இந்தப் பையன்தான்.

கேரளாவுல ஒருத்தர் இதைச் சும்மா விடல. தாத்ரி கம்பெனியோட தலைமுடி க்ரீமை வாங்கித் தேச்சுப் பார்த்து, ஒண்ணும் வளராம, 2012-ல திருச்சூர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். விளம்பரத்துல நடிச்ச அனூப் மேனன், தான் அதைப் பயன்படுத்தினதில்ல, அம்மா காய்ச்சின எண்ணெயைத்தான் தேய்க்கிறதுன்னு சொன்னதா பதிவாச்சு. எட்டு வருஷம் இழுத்து, கம்பெனிக்கும் நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் போட்டாங்க. பத்தாயிரம் அவங்களுக்கு டீச்செலவு. ஆனாலும் அந்த மனுஷனுக்கு ஒரு சல்யூட்.

இப்ப 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும், திரும்பப் பண்ணா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போட வழி இருக்கு. நடிகரை ஒரு வருஷம் விளம்பரத்துல நடிக்கவே கூடாதுன்னு தடை பண்ணலாம். 1915-க்கு போன் போட்டுப் புகார் சொல்லலாம். ஆனா யாரு சொல்றா? "வழுக்கைக்கு எண்ணெய் வாங்கி ஏமாந்தேன்"னு வெளிய சொல்ல வெக்கம். அந்த வெக்கம்தான் இந்த வியாபாரத்துக்கே முதலீடு.

மாசத் தவணையில மயிர்

எண்ணெயைத் தாண்டினா அடுத்த படி கிளினிக். எங்க அக்கா பையன் கதையைச் சொல்றேன். வயசு 23, நெய்வேலி பக்கம் காண்ட்ராக்ட் வேலை. தலை அரிப்பு, எண்ணெய், முடி கொட்டறது. ஒரு கிளினிக்குக்குப் போனான் (பேரு வேணாம்). வெள்ளைக்கோட்டு போட்ட ஒரு பொண்ணு, டாக்டர் இல்ல, 'கன்சல்டண்ட்'டாம், கேமராவைத் தலையில வச்சு டிவியில பெருசு பண்ணிக் காட்டுச்சு. "சார், இப்பவே ஆரம்பிக்கலைன்னா ஒரு வருஷத்துல எல்லாம் போயிடும், மாமா பாருங்க"ன்னு கூடப் போன அவங்க அப்பாவைப் பார்த்துச் சொல்லுச்சாம். 38,000 ரூபாய் பேக்கேஜ், மாசத் தவணை. கிடைச்சது என்ன? ஒரு ஷாம்பு, ஒரு சீரம், சத்து மாத்திரை, தலையில லைட் அடிக்கற ஒரு மெஷின். எட்டு மாசம் ஓடுச்சு. அரிப்பு அப்படியே இருக்கு.

கடைசியில அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா தலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி முகத்தைப் பார்த்தாங்க. "மூக்கோரம், புருவமெல்லாம் செதில் விட்டிருக்கே, யாரும் கேக்கலையா?"ன்னாங்க. கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் கொடுத்து, "எண்ணெய் வைக்காதப்பா"ன்னாங்க. ஒரு மாசத்துல அரிப்பு அடங்கிடுச்சு. நெத்தி ஓரம் ஏறினது பரம்பரை, அதுக்குத் தனி மருந்துன்னு ஒளிக்காமச் சொன்னாங்க. தவணை மட்டும் இன்னும் நாலு மாசம் பாக்கி இருந்துச்சு.

முடி நடற கடைங்க இன்னும் ஆபத்து. 2016-ல சென்னையில 22 வயசு மருத்துவ மாணவர் ஒருத்தர் முடி நடப் போய் உயிரை விட்டார். நல்லாப் படிச்சு டாக்டராகப் போற பையன்! அழகு நிலையத்துக்கு வாங்கின அனுமதியை வச்சுக்கிட்டு அங்க ஆபரேஷன் நடந்ததா அப்ப செய்தி வந்துச்சு. டெல்லியிலயும் ஒரு சாவு நடந்து, ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் 2022 செப்டம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் போட்டுச்சு. அதுல, யூடியூப்ல பார்த்துக் கத்துக்கிட்டது பயிற்சி ஆகாதுன்னு எழுத வேண்டி வந்துச்சுன்னா நிலைமையைப் பார்த்துக்கங்க. ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், தகுதியுள்ள சர்ஜன் இதெல்லாம் இல்லாத இடத்துல தலையைக் கொடுக்காதீங்க.

சரி, என்னதான்யா பண்றது?

நான் டாக்டர் இல்ல. டாக்டருங்க சொல்றதை, எழுதி வச்சிருக்கறதைத்தான் தொகுத்துச் சொல்றேன்.

அரிப்பு, பிசுபிசு செதில் இருந்தா எண்ணெயை நிறுத்துங்க. கீட்டோகோனசோல் 2% ஷாம்பு, இல்லேன்னா செலினியம் சல்ஃபைடு, வாரம் ரெண்டு தடவை. போட்ட உடனே அலசிடக் கூடாது. அஞ்சு நிமிஷம் தோல்ல நிக்கணும். முடிக்குப் போடறது இல்ல, தோலுக்குப் போடறது. இது அடங்கும், திரும்ப வரும், திரும்ப அடக்கணும். "நிரந்தரத் தீர்வு"ன்னு எவனாவது சொன்னா பர்ஸைப் புடிச்சிக்கிட்டு ஓடியாந்துடுங்க.

பரம்பரை வழுக்கைக்கு ஆதாரத்தோட நிக்கறதுல முக்கியமானது ரெண்டு மருந்து. மினாக்ஸிடில், ரத்த அழுத்த மாத்திரையா வந்தது. சாப்பிட்டவங்களுக்கு எங்கெங்கயோ முடி வளர, 1988-ல தலைக்குத் தடவற மருந்தா அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. ஃபினாஸ்டிரைடு 1 மி.கி., 1997-ல. ரெண்டும் ஏற்கெனவே பளபளன்னு ஆன இடத்துல காடு வளர்க்காது. இருக்கறதைக் காப்பாத்தும், மெலிஞ்சதைக் கொஞ்சம் தடிமனாக்கும். மினாக்ஸிடில் ஆரம்பிச்ச முதல் வாரங்கள்ல இன்னும் கூடக் கொட்டும். பயந்து விட்டுடறவங்கதான் அதிகம். பலன் தெரிய நாலு மாசமாவது ஆகும். நிறுத்தினா கிடைச்சது போயிடும். ஃபினாஸ்டிரைடு சிலருக்கு ஆண்மைக் குறைவு, மனச்சோர்வு கொண்டு வரலாம். தற்கொலை எண்ணம் வரலாம்னு 2025-ல ஐரோப்பிய மருந்து முகமை உறுதிப்படுத்தி எச்சரிக்கை கொடுத்திருக்கு. அதனால மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்கக் கூடாது. டாக்டர் சீட்டோடதான்.

பயோட்டின்? குறைபாடு இருக்கறவங்களுக்கு உதவும், அது அபூர்வம். ஆனா அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டா ரத்தப் பரிசோதனை முடிவே தப்பா வரலாம்னு, மாரடைப்பைக் கண்டுபிடிக்கற பரிசோதனையையும் சேர்த்து, 2017-ல அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிச்சிருக்கு. மெடிக்கல்காரர் இதைச் சொன்னாரா?

எங்க போறது? கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்க. சிதம்பரத்துல ராஜா முத்தையாவா இருந்து இப்ப அரசு மருத்துவக் கல்லூரியா ஆயிருக்கற அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரி இருக்கு. புதுச்சேரி ஜிப்மர்ல தோல் பிரிவு இருக்கு. ஒரு நாள் லீவு போட்டு வரிசையில நிக்கணும். 38,000 ரூபாயை விட ஒரு நாள் கூலி கம்மிதானே?

கடைசியா ஒண்ணு

மருந்து வேணாம், செலவு வேணாம், மழிச்சிட்டுப் போறேன்னு ஒரு பையன் முடிவு பண்ணா அதுவும் முழுசா சரியான வைத்தியம்தான். அதைச் செய்ய விடாம அவனைப் புடிச்சு வச்சிருக்கறது நாமதான். பொண்ணு பார்க்கற இடத்துல "மாப்பிள்ளைக்கு முன்னாடி கொஞ்சம் கம்மியோ?"ங்கறோம். சினிமாவுல சொட்டைன்னு சொன்னதும் சிரிக்கிறோம். அதே சமயம் மேடையில விக் இல்லாம வந்து நிக்கற ரஜினிக்கு விசிலும் அடிக்கிறோம். கன்னடத்துல 2017-லேயே ராஜ் பி. ஷெட்டி ஒரு வழுக்கைத்தலை வாத்தியாரை ஹீரோவா வச்சு 'ஒந்து மொட்டெய கதெ'ன்னு படம் எடுத்தார். மலையாளத்துல 2019-ல 'தமாஷா'ன்னு அதையே எடுத்தாங்க.

எங்க ஊருக்கு சினிமா உதாரணமே தேவையில்ல. திருவதிகை கோயிலுக்கு வந்து அப்பர் சாமி சிலையைப் பாருங்க. மழிச்ச தலை, கையில உழவாரம். பக்கத்து திருவாமூர்ல பொறந்தவரு. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல கையெடுத்துக் கும்பிடறோமே, யாராவது "சாமி, தலைக்கு எண்ணெய் வச்சிருக்கலாமே"ன்னு கேட்டோமா?

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஏழே நாளில் முடி வளர எளிய வழி"ன்னு தலைப்பு வச்சா ஹிட்ஸ் அள்ளும், எனக்கும் தெரியும். ஆனா அந்தத் தலைப்பை ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடி வர்றவன் யாரு தெரியுமா? காலையில தலகாணியில கிடக்கற முடியை எண்ணி எண்ணிப் பார்க்கற 20 வயசுப் பையன். அவன்கிட்ட வெங்காயத்தையும் முட்டையையும் நீட்டாதீங்க. தெரியலைன்னா தோல் டாக்டர்கிட்ட போப்பான்னு ஒரு வரி எழுதுங்க. ஏற்கெனவே போட்ட பதிவு இருந்தா மேல ஒரு வரி சேர்த்துடுங்க, அதுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

தோல் டாக்டருங்க யாராவது படிச்சா, இதுல எதாவது கூடுதல் குறைச்சல் இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. எண்ணெய்க் கட்சிக்காரங்களும் வரலாம், கும்மிக்குத் தடையில்ல. வரும்போது மறக்காம தாத்தா ஃபோட்டோவையும் எடுத்துட்டு வாங்க :-)